தமிழியல் ஆய்விதழ்களில் பதிப்பறம்: மேற்கோள், ஆசிரியப்பெயர், மதிப்பீடு, மீளப்பெறல்

ஆய்வுச் சுருக்கம்

ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிடுவதற்கான அறநெறிகள் பெரும்பாலும் மருத்துவ, அறிவியல் இதழ்களின் பட்டறிவிலிருந்து உருவானவை. அவற்றைத் தமிழியல் ஆய்விதழ்களில் பொருத்தும்போது எழும் சிக்கல்களையும், ஆசிரியர், நெறியாளர், மதிப்பீட்டாளர், இதழாசிரியர் ஆகியோரின் பொறுப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் தமிழ்ப் பாயிர மரபும் பதிப்பு மரபும் விளக்கத்திற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பதிப்பறம், கருத்துத் திருட்டு, ஒப்புமை விழுக்காடு, ஆசிரியப்பெயர், மறைநிலை மதிப்பீடு, மீளப்பெறல், பாயிரம்.

முன்னுரை

நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு வகுக்கும் எட்டுச் செய்திகளுள் முதலிரண்டு, ஆக்கியோன் பெயரும் வழியும் ஆகும். நூலை யாத்தவர் யார், அது எந்நூலின் வழியாக வந்தது என்னும் இரண்டும் நூலின் எல்லைக்கும் பயனுக்கும் முன்னதாக வைக்கப்பட்டுள்ளன. இன்றைய ஆய்விதழ் ஒவ்வொன்றும் ஆசிரியரிடம் கேட்பனவும் இவ்விரண்டே. கட்டுரையின் மேல் இடப்பட்ட பெயர் உண்மையில் எழுதியவருடையதா? அதிலுள்ள கருத்து எங்கிருந்து வந்தது? பதிப்பறம் பற்றிய நீண்ட விதித்தொகுப்புகளும் பெரும்பாலும் இவ்விரு வினாக்களின் விரிவாகவே அமைகின்றன.

எனினும் இன்று நடைமுறையிலுள்ள நெறிகள் இம்மரபிலிருந்து எழுந்தவை அல்ல. 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களின் குழு கட்டுரை அமைப்பிற்கு வகுத்த நெறிகளும், 1997இல் பிரித்தானிய மருத்துவ இதழாசிரியர் சிலரின் முயற்சியால் தோன்றிய பதிப்பு அறநெறிக் குழுவின் (கோப்) வழிகாட்டுதல்களும் படிப்படியாக எல்லாத் துறைகளுக்கும் பொதுவாயின. நோயாளியின் உயிர், மருந்தின் விளைவு, ஆய்வகத் தரவு ஆகியவற்றை முன்னிட்டு எழுந்த நெறிகள் ஓலைச்சுவடி, கல்வெட்டு, வாய்மொழிப் பாடல், உரைமரபு ஆகியவற்றைக் கையாளும் துறைக்குள் வரும்போது சில இடங்களில் அப்படியே பொருந்துகின்றன. சில இடங்களில் அவற்றின் நோக்கத்தை உணர்ந்து பொருத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

மேற்கோள் மரபும் கருத்துத் திருட்டும்

முன்னோர் கூற்றை எடுத்தாளுதல் தமிழ் மரபில் குற்றமன்று, ஆதலின் கருத்துத் திருட்டு என்பதே மேலைநாட்டுக் கருத்தாக்கம் என்னும் வாதம் அவ்வப்போது முன்வைக்கப்படுவதுண்டு. இவ்வாதம் மரபைத் தவறாகப் படித்ததன் விளைவு. தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. மொழிபெயர்ப்பும் தொகுப்பும் வழிநூலாகவே எண்ணப்பட்டன. முதனூலாக அவை தம்மைக் காட்டிக்கொள்ள மரபு இடந்தரவில்லை. நன்னூலின் நூற்பாக்கள் பலவற்றை இலக்கண விளக்கம் எடுத்தாண்டபோது, கற்றோர் அனைவரும் நன்னூலை மனப்பாடமாக அறிந்திருந்தனர். எடுத்தாண்டவை இன்னவென்று படித்தவுடன் அவர்களுக்குத் தெரிந்தது. அந்நூலைச் சிவஞான முனிவர் இலக்கண விளக்கச் சூறாவளியில் கடுமையாக மறுத்ததும் இவ்வெளிப்படைத்தன்மையினால்தான் இயன்றது.

உரையாசிரியர்களும் அவ்வாறே. சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும்போது ‘உரையாசிரியர்’ என்று சுட்டுகிறார். பெயர் சொல்லாவிடினும் எவரைக் குறிக்கிறார் என்பதில் அக்காலக் கற்போருக்கு ஐயம் எழவில்லை. இன்றைய நிலை முற்றிலும் வேறானது. ஓராண்டில் வெளிவரும் கட்டுரைகளின் தொகையை எவராலும் மனத்தில் வைத்திருக்க இயலாது. படிப்பவர் அறியமாட்டார் என்னும் உறுதியோடு எடுக்கப்படுவதே இன்று களவாகிறது. எடுத்த பகுதியின் அளவைக் காட்டிலும் இந்த மறைப்பே குற்றத்தின் உள்ளீடு.

விழுக்காட்டின் எல்லைகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2018 சூலையில் வெளியிட்ட கல்விசார் நேர்மை விதிமுறைகள் ஒப்புமையை நான்கு படிகளாகப் பகுக்கின்றன. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை முதல் நிலை. 40க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை. 60க்கு மேற்பட்டது மூன்றாம் நிலை. ஆய்வேட்டைப் பொறுத்தவரை முதல் நிலையில் ஆறு மாதங்களுக்கு மேற்படாத காலத்திற்குள் திருத்திய ஏட்டை அளிக்க வேண்டும். இரண்டாம் நிலையில் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டை அளிக்க இயலாது. மூன்றாம் நிலையில் பதிவே நீக்கப்படும். வெளியிடப்பட்ட ஆய்வுகளுக்கு முதல் நிலையில் கட்டுரையைத் திரும்பப் பெறுதலும், அடுத்த நிலைகளில் அதனோடு ஆண்டு ஊதிய உயர்வை இழத்தலும் சில ஆண்டுகள் நெறியாளராக இருக்கும் தகுதியை இழத்தலும் விதிக்கப்பட்டுள்ளன.

தண்டனைகள் கடுமையானவை. ஆகவே அளவுகோல் சரியாக அளக்கிறதா என்னும் வினா இன்றியமையாதது. உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொதுச்சொற்கள் முதலியவற்றைக் கணக்கில் கொள்ளலாகாது என விதிமுறை தெளிவாகவே கூறுகிறது. மென்பொருளோ மேற்கோள் குறியைக் கொண்டு மேற்கோளை அறிகிறது. தமிழ்க் கட்டுரைகளில் செய்யுளடிகள் பெரும்பாலும் மேற்கோள் குறியின்றி, வலப்புறம் நகர்த்தி, வரிவரியாகத் தரப்படுகின்றன. குறுந்தொகைப் பாடல்கள் இருபதை முழுமையாக எடுத்துக்காட்டி ஒவ்வொன்றையும் நுட்பமாக ஆராயும் கட்டுரை 30 விழுக்காட்டு ஒப்புமையைக் காட்டக்கூடும். ஆங்கிலத்தில் வெளிவந்த கட்டுரை ஒன்றைத் தொடர்தொடராகத் தமிழாக்கித் தம் பெயரில் அனுப்பியவரின் ஏடு சுழியத்தைக் காட்டும். முன்னவர் விளக்கம் எழுதிக் காத்திருக்க, பின்னவருக்குச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

எழுத்துரு வரலாறும் இதில் குறுக்கிடுகிறது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அதற்கு முன்னும், சில துறைகளில் அதற்குப் பின்னும், ஆய்வேடுகள் பாமினி போன்ற பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. பாமினியில் அமைந்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அது உரோமன் எழுத்துகளின் வரிசையே. ஒருங்குறியில் எழுதப்பட்ட அதே தொடரோடு மென்பொருளால் அதனை ஒப்பிட இயலாது. சோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றப்பட்ட பழைய ஏடுகள் பல பக்கப் படங்களாகவே உள்ளன; படத்திற்குள் இருக்கும் எழுத்து தேடலில் அகப்படுவதில்லை. 1985இல் அளிக்கப்பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே எடுத்து இன்று வெளியிடுபவரைப் பிடிக்க, அவ்வேட்டைப் படித்த ஒருவர் மதிப்பீட்டாளராக அமைய வேண்டும். வேறு வழியில்லை. சந்தி சேர்த்தும் பிரித்தும் எழுதுதல், ‘கூறுகிறார்’ என்பதைக் ‘குறிப்பிடுகின்றார்’ என மாற்றுதல் போன்ற எளிய கைவேலைகளே ஒப்புமையைப் பெருமளவு குறைத்துவிடும் என்பதும் துறையில் அறியாத செய்தியன்று.

விழுக்காடு ஓர் அறிகுறி மட்டுமே. அதைப் பார்த்தபின் ஏட்டைத் திறந்து எப்பகுதி எதனோடு ஒக்கிறது என்று படித்து முடிவுசெய்யும் பொறுப்பு இதழாசிரியருடையது. அறிக்கையின் முதற்பக்கத்து எண்ணைக் கண்டு ஏற்பதும் மறுப்பதும் அப்பொறுப்பை இயந்திரத்தின் தலையில் ஏற்றிவிடும் செயலாகும்.

ஆசிரியப்பெயரும் அதன் கணக்கும்

கட்டுரையின் கருத்தாக்கத்திலோ தரவு திரட்டலிலோ பகுப்பாய்விலோ குறிப்பிடத்தக்க பங்காற்றியிருத்தல், வரைவை எழுதுவதிலோ அறிவார்ந்த நிலையில் திருத்துவதிலோ பங்குகொண்டிருத்தல், இறுதி வடிவத்திற்கு ஒப்புதல் அளித்தல், கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தவரே ஆசிரியர் என மருத்துவ இதழாசிரியர் குழு வரையறுக்கிறது. தலைப்பைப் பரிந்துரைத்ததும், நெறியாளர் என்னும் பதவியும், துறைத்தலைவர் என்னும் மதிப்பும் இவற்றுள் அடங்கா. அவ்வுதவிகளுக்கு உரிய இடம் நன்றியுரை.

தமிழ்த்துறைகளில் ஆய்வாளர் எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயரும் இடம்பெறுவது அண்மைக்காலத்தில் பெருகிய வழக்கம். இதற்கு மரியாதையைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டின் ஆசிரியர் நியமன, பதவி உயர்வு விதிமுறைகளின்படி மொழி, மானிடவியல் புலங்களில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளிகள். இருவர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு, அதாவது 7 புள்ளிகள். தனியாக எழுதப்பட்ட கட்டுரை 10 புள்ளிகளை மட்டும் தர, இரண்டாவது பெயரைச் சேர்த்தவுடன் அதே கட்டுரை மொத்தம் 14 புள்ளிகளைத் தருகிறது. மூவரானால் முதன்மை ஆசிரியருக்கு 7, ஏனைய இருவருக்கும் மும்மூன்று, கூட்டுத்தொகை 13. கூட்டுழைப்பை ஊக்குவிக்கும் நோக்கில் அமைந்த இக்கணக்கு, உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பதற்கும் அதே ஊக்கத்தை அளிக்கிறது. மறுக்கும் நிலையில் ஆய்வாளர் இல்லை. வாய்மொழித் தேர்வு வரை அவருடைய எதிர்காலம் நெறியாளரின் கையொப்பத்தைச் சார்ந்திருக்கிறது. ஆகவே இதனை ஆய்வாளரின் நேர்மைக்கு விடப்பட்ட செய்தியாகக் கருதுதல் பொருந்தாது. ஒவ்வோர் ஆசிரியரும் எப்பகுதிக்குப் பொறுப்பு என்பதைக் கட்டுரையின் இறுதியில் ஓரிரு தொடர்களில் எழுதித்தரக் கேட்பது இதழாசிரியரால் இயலக்கூடியது. கேட்கப்படும் என்று முன்னரே தெரிந்தால் சில பெயர்கள் தாமாகவே விலகும்.

பெயர் மிகுதல் ஒரு குறை. பெயர் விடுபடுதல் தமிழியலில் அதனினும் பழைய குறை. நாட்டார் வழக்காற்று ஆய்வில் பாடியவர், கதை சொன்னவர், கள ஆய்வில் உடன் வந்தவர், ஒலிப்பதிவை எழுத்தாக்கியவர் ஆகியோர் ‘தகவலாளர்’ என்னும் ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடுகின்றனர். 1964இல் வெளிவந்த நா. வானமாமலையின் தமிழர் நாட்டுப் பாடல்கள் தொகுப்பில் பல பாடல்களின் கீழ்ச் சேகரித்தவர் பெயரும் ஊர்ப்பெயரும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. தொகுப்பாசிரியர் ஒருவராயினும் பாடல்கள் எவ்வெவர் உழைப்பால் கிடைத்தன என்பதைப் படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் காண்கிறார். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் சுவடி உதவியோரின் பெயரையும் ஊரையும் பட்டியலிட்டதும், 1898இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பிற்காகப் பௌத்தக் கருத்துகளை ஆங்கில நூல்களிலிருந்து படித்து விளக்கிய மளூர் ரங்காசாரியாரின் உதவியைப் பதிவுசெய்திருப்பதும் இவ்வகையினவே. வான்கூவர் நெறிகளுக்கு எழுபது, எண்பது ஆண்டுகள் முன்னரே பங்களிப்புக் குறிப்பு தமிழ்ப் பதிப்பில் இருந்தது எனலாம்.

தகவலாளர் பெயரை வெளியிடுவதிலும் எச்சரிக்கை தேவை. சாதிப் பூசல், குடும்பச் சிக்கல், மாந்திரீகம் போன்றவை பற்றிப் பேசியவரின் பெயரும் ஊரும் அச்சேறுவதால் அவருக்குத் தீங்கு நேரலாம். பெயர் குறிப்பிடுவதும் மறைப்பதும் அவருடைய விருப்பம்; அவ்விருப்பம் கேட்டறியப்பட்டதா என்பதைக் கட்டுரை தெரிவிக்க வேண்டும்.

சிறிய துறையில் மறைநிலை மதிப்பீடு

நூல் அவையில் அரங்கேறுவது தமிழ் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குத் தெரித்துக் காட்டப்பட்டதைப் பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. அங்கே கேட்டவர் யார், வினவியவர் யார் என்பது அனைவருக்கும் தெரியும். இன்றைய இரட்டை மறைநிலை மதிப்பீடு இதற்கு நேர்மாறானது. ஆசிரியர் பெயர் மதிப்பீட்டாளருக்கும், மதிப்பீட்டாளர் பெயர் ஆசிரியருக்கும் தெரியலாகாது.

துறை சிறிதாக இருக்கும்போது இம்மறைப்பு எளிதில் கிழிந்துவிடுகிறது. தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், தமிழ்ச் சமணக் காப்பியங்கள், ஏதேனும் ஒரு பழங்குடி மொழியின் ஒலியனியல் போன்ற பொருள்களில் எழுதுவோர் சிலரே. பெயரை நீக்கினாலும் எடுத்தாளப்படும் தரவே எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும். ஆசிரியரை அறிந்துகொண்ட மதிப்பீட்டாளர் அதனை இதழாசிரியருக்குத் தெரிவித்தல் வேண்டும். தம் மாணவர், முன்னாள் நெறியாளர், உடன் பணிபுரிபவர், தம்மோடு கருத்து மாறுபட்டு எழுதியவர் என்னும் உறவுகளில் ஒன்று இருப்பின் ஒதுங்கிக்கொள்வதே முறை. மறுப்பவரிடம் கட்டுரையை அனுப்புவது எப்போதும் தவறன்று. மறுக்கப்பட்டவரே குறைகளை நன்கு அறிவார். ஆனால் அவருடைய கருத்தை மட்டும் கொண்டு கட்டுரையை விலக்குவது முறையாகாது.

கமுக்கம் காத்தல் மதிப்பீட்டாளரின் முதற்கடமை. புதிதாகக் கண்டறியப்பட்ட நடுகல்லின் வாசகம் கட்டுரை வடிவில் மதிப்பீட்டாளர் கைக்கு வருகிறது எனக் கொள்வோம். அது வெளியாகும்வரை அவ்வூருக்குச் செல்வதும், படியெடுப்பதும், நாளிதழுக்குச் செய்தி தருவதும் அவருக்குத் தகாதவை. கண்டுபிடிப்பில் முந்துரிமையே ஆய்வாளரின் ஈட்டம்; கல் எவருடைய உடைமையும் அன்று என்னும் விடை இங்குச் செல்லாது. மதிப்பீட்டை ஆண்டுக்கணக்கில் காலந்தாழ்த்துவதும் இதே தீங்கை மெல்ல விளைவிக்கிறது. இயலாதெனில் ஒரு வாரத்திற்குள் தெரிவித்துவிடுவது ஊதியமில்லாத இப்பணியில் எதிர்பார்க்கக்கூடிய குறைந்த அளவு மரியாதை.

கட்டணமும் பட்டியல்களும்

கட்டணம் பெறுவதனாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. அச்சு, தாள், அஞ்சல் அனைத்திற்கும் செலவு உண்டு. தமிழ் ஆய்விதழ்கள் பல தனியொருவரின் சேமிப்பில் நடந்து நின்றுபோனவை. கட்டணம் எவ்வளவு, எப்போது பெறப்படுகிறது, மதிப்பீட்டின் முடிவோடு அது தொடர்புடையதா என்பவையே வினாக்கள். கட்டுரை வந்த மறுநாளே ஏற்புக் கடிதமும் வங்கிக் கணக்கு எண்ணும் ஒன்றாக வருமாயின் அங்கே மதிப்பீடு நடைபெறவில்லை. ஐ.எஸ்.எஸ்.என். எண் பெற்றிருத்தல் தரத்திற்குச் சான்று என்னும் நம்பிக்கையும் களையப்பட வேண்டியது. அது தொடர்வெளியீட்டை அடையாளங்காட்டும் எண். உள்ளடக்கம் பற்றி எதுவும் கூறாதது.

இந்நிலைக்கு விதிகளும் பொறுப்பேற்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிட வேண்டும் என்னும் கட்டாயம் பல்லாண்டுகள் இருந்து 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில்தான் நீங்கியது. 2017இல் மானியக் குழு வெளியிட்ட ஏற்பிதழ்ப் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4305 இதழ்கள் ஒரே அறிவிப்பில் நீக்கப்பட்டன. அவற்றில் கட்டணம் செலுத்தி எழுதியோருள் ஏமாற்றியவர்களும் இருந்தனர், ஏமாந்தவர்களும் இருந்தனர். பின்னர் வந்த ‘கேர்’ பட்டியலையும் கைவிடுவதாகக் குழு 2025 பிப்ரவரியில் அறிவித்தது. இதழைத் தெரிவுசெய்யும் பொறுப்பு இப்போது உயர்கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் திரும்பியுள்ளது. பட்டியலைப் பார்த்துப் பழகிய துறைகள் இனி இதழைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

திருத்தமும் மீளப்பெறலும்

லான்செட் இதழ் 1998இல் வெளியிட்ட, தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரை பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. அது முழுமையாக மீளப்பெறப்பட்டது 2010இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் விளைந்த அச்சம் இன்றளவும் நீங்கவில்லை. தமிழியலில் தவறான கட்டுரையால் எவரும் நோயுறுவதில்லை. ஆயினும் இல்லாத கல்வெட்டுச் சான்றும், பிழையாகப் படிக்கப்பட்ட ஊர்ப்பெயரும் ஒரு கட்டுரையில் ஏறியபின் பத்து ஆய்வேடுகளுக்கும், அவற்றிலிருந்து பாடநூலுக்கும் செல்கின்றன. அண்மையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இவ்விடரைப் பெருக்கியுள்ளன. சங்கப் பாடலின் நடையில் அடிகளைப் புனைந்து, புறநானூற்றுப் பாடல் எண்ணும் புலவர் பெயரும் இட்டுத் தருவதில் அவற்றுக்குத் தயக்கமில்லை. இக்கருவிகள் பொறுப்பேற்க இயலாதவை, ஆதலின் ஆசிரியராகக் குறிக்கப்படலாகாது எனப் பதிப்பு அறநெறிக் குழு 2023இல் தெளிவுபடுத்தியது. ஒவ்வோர் அடியையும் அச்சுப்பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை ஆசிரியருக்கும், சிலவற்றையேனும் சரிபார்க்கும் கடமை மதிப்பீட்டாளருக்கும் இதனால் கூடியுள்ளது.

பழைய தமிழ் நூல்களின் இறுதியில் ‘பிழையும் திருத்தமும்’ என்னும் பக்கம் தவறாமல் இருந்தது. 1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பை உ.வே.சா. 1923இலும் 1935இலும் திருத்தி வெளியிட்டார். இவ்வளவு நல்ல மரபிருந்தும் இன்றைய ஆய்விதழ்களில் திருத்தக் குறிப்பைக் காண்பது அரிது. மீளப்பெறல் அறிவிப்பு அதனினும் அரிது. சிக்கல் எழும்போது கட்டுரை இணையத்திலிருந்து ஓசையின்றி அகற்றப்படுகிறது. இது மீளப்பெறல் அன்று. அச்சுப்படி நூலகங்களில் அப்படியே இருக்க, மேற்கோள் காட்டியோர் எதுவும் அறியாமல் தொடர்கின்றனர். கட்டுரை தன் இடத்திலேயே இருந்து, ‘மீளப்பெறப்பட்டது’ என்னும் குறிப்பைத் தாங்கி நிற்க வேண்டும். காரணம் என்ன, முடிவெடுத்தவர் ஆசிரியரா இதழாசிரியரா என்பனவும் தனி அறிவிப்பாக வெளிவர வேண்டும் என்பதே நெறி. அறியாமல் நேர்ந்த பிழையைத் தாமே முன்வந்து தெரிவித்தவருக்கும், களவு வெளிப்பட்டபின் அகப்பட்டவருக்கும் இடையிலான வேறுபாட்டை அவ்வறிவிப்பின் சொற்கள் காட்டுதல் வேண்டும். இல்லையேல் தம் பிழையை ஒப்ப எவரும் முன்வரார்.

அச்சு இதழ்களில் இதனைச் செய்யும் வழி எளிது. அடுத்த இதழின் உள்ளடக்கப் பக்கத்திலேயே, கட்டுரைகளோடு கட்டுரையாக, முந்தைய இதழின் எண்ணும் பக்கமும் சுட்டி அறிவிப்பை வெளியிடலாம். அவ்வறிவிப்பின் படியொன்றை இதழ் பெறும் நூலகங்களுக்கு அனுப்பிப் பழைய இதழின் உரிய பக்கத்தில் ஒட்டுமாறு கேட்கலாம்.